பெடியளுக்கு ஒரு பெண் பயிற்றுவிப்பாளர்

நான் படிச்ச பள்ளிக்கூடத்தில் பெண்களின் வலைப்பந்து அணியைப் பழக்கினது ஒரு சேர். அவருக்கு முந்தி இருந்தவரும் சேர்தான். எங்களுக்கு அது ஒரு விசயமாகவே தெரியேல்லை. ஆனால் பெடியளின் உதைபந்தாட்ட அணியை ஒரு மிஸ் பழக்கினதை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீங்களா? நான் காணேல்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கலாம் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

போன செமஸ்டர் ஒரு கட்டுரைக்காக 1970களின் அமெரிக்காவில் பெண்களும் விளையாட்டும் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெயரில் நின்றுவிட்டேன். மிக்கி கிங். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டைவிங் வீராங்கனை. விளையாட்டு வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய உடைந்த கையைப் பற்றியும் பிறகு கிடைத்த தங்கத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். அது நல்ல கதைதான், கீழே நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என்னை நிறுத்தியது அதற்குப் பிறகு வருகிற ஒரு வரி: 1973இல் அவர் அமெரிக்க விமானப்படை அகடமியின் டைவிங் பயிற்றுவிப்பாளராக நியமிக்கப்பட்டார். அந்த அகடமியில் அப்போது ஒரு மாணவிகூட இல்லை. பெண்கள் படிக்க முடியாத இடத்தில் ஒரு பெண் ஆண்களைப் பழக்கியிருக்கிறார்.

அது எப்படி நடந்தது? அதற்குப் பிறகு என்ன நடந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அணி இல்லாத பல்கலைக்கழகம்

மிக்கி கிங் 1944 ஜூலை 26இல் மிஷிகன் மாநிலத்தின் பொன்டியாக் நகரில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அந்தப் பல்கலைக்கழகம் விளையாட்டுக்குப் பேர் போன இடம். ஆனால் பெண்களுக்கென்று பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி எதுவும் அப்போது இல்லை. அது வந்தது 1973இல்தான். அதாவது கிங் படித்து முடித்து, ஒலிம்பிக்கும் வென்று முடித்த பிறகு.

அப்ப அவர் எப்படிப் பழகினார்? டிக் கிம்போல் என்ற ஒருவர் இருந்ததால். கிம்போல் அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர். 1957இல் ஒரு மீற்றர், மூன்று மீற்றர் இரண்டு பலகைகளிலும் என்.சி.ஏ.ஏ. சம்பியன், அதாவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியின் வெற்றியாளர். அவரைப் பழக்கியவர் புரூஸ் ஹார்லன், 1948 லண்டன் ஒலிம்பிக்கின் ஸ்பிறிங்போட் சம்பியன். 1959இல் ஒரு காட்சி நிகழ்ச்சி முடிந்து டைவிங் கோபுரத்தைக் கழற்றும்போது ஹார்லன் தவறி விழுந்து இறந்துபோனார். அவருடைய இடத்துக்கு கிம்போல் வந்தார். 2002 வரைக்கும் அங்கேயே இருந்தார்.

இதில் கவனிக்கவேண்டியது அந்த வரிசை. போட்டியாளர் பயிற்றுவிப்பாளராகிறார், அவருடைய மாணவர் அடுத்த பயிற்றுவிப்பாளராகிறார். அமெரிக்கப் பல்கலைக்கழக டைவிங் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. அந்த வரிசை முழுக்க ஆண்கள். கிம்போல் தன்னுடைய ஆண்கள் அணியோடு சேர்த்து உள்ளூர் நீச்சல் கழகத்தின் பெண்களையும் பழக்கினார். கிங் அந்தப் பக்கவாசலால் உள்ளே வந்தவர். அதே காலத்தில் வோட்டர் போலோவிலும் நாட்டளவில் பேசப்பட்ட கோல்கீப்பராக இருந்தார்.

1966இல் பட்டம் முடித்ததும் விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அந்த நேரத்தில் அமெரிக்கப் படைகளில் பெண்களுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. மொத்தப் படையில் பெண்கள் 2 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. பதவி உயர்விலும் உச்சவரம்பு: பெண்கள் பிரிவின் பணிப்பாளராக இருக்கும் ஒருவரைத் தவிர வேறு எந்தப் பெண்ணும் கேணல் ஆக முடியாது. 1967 நவம்பரில்தான் அந்த வரம்புகள் நீக்கப்பட்டன. கிங் சேர்ந்தபோது அவருக்குச் சட்டப்படி மூடியிருந்த கதவு அது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

மெக்சிக்கோ, 1968

மூன்று மீற்றர் ஸ்பிறிங்போட் போட்டியில் மொத்தம் பத்துப் பாய்ச்சல்கள். எட்டு முடிந்தபோது கிங் முதலிடத்தில் இருந்தார். இன்னும் இரண்டு ஒழுங்காகப் பாய்ந்தால் தங்கம்.

ஒன்பதாவது, 'ரிவேர்ஸ்' ஒன்றரைக் கரணம், 'லேஅவுட்' நிலையில். இது என்னவென்று கொஞ்சம் விளக்கினால்தான் நடந்தது விளங்கும். ரிவேர்ஸ் என்றால் நீங்கள் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு பலகையை விட்டு எழும்புகிறீர்கள், ஆனால் உடம்பு பின்பக்கமாக, பலகையை நோக்கிச் சுழலுகிறது. அதாவது தலை பலகைப் பக்கம் வரும். லேஅவுட் என்றால் முழங்காலையோ இடுப்பையோ மடக்காமல் உடம்பை நேராக வைத்திருப்பது. மடக்கினால் உடம்பு கெதியாகச் சுழலும். நீட்டினால் மெதுவாகச் சுழலும். அதனால் நேரான உடம்போடு ஒன்றரைச் சுற்று முடிக்கவேண்டும் என்றால் பலகையிலிருந்து எழும்பும்போதே பலமாகச் சுழற்றிவிட வேண்டும். அதேநேரம் பலகையிலிருந்து போதிய தூரம் வெளியேயும் போகவேண்டும். கொஞ்சம் கிட்டப் போனால் முடிந்தது.

கிங் கிட்டப் போய்விட்டார். இடது முன்கை பலகையில் அடித்து எலும்பு உடைந்தது. தண்ணீரால் ஏறி வந்து, உடைந்த கையோடு பத்தாவது பாய்ச்சலையும் பாய்ந்தார். முடிவில் நான்காம் இடம். தங்கம் அவருடைய நாட்டைச் சேர்ந்த சூ கொஸிக்குக்குப் போனது.

இதே வகைப் பாய்ச்சலில் இருபது வருசத்துக்குப் பிறகு சோல் ஒலிம்பிக்கில் கிரெக் லுகானிஸ் தலையைப் பலகையில் அடித்துக்கொண்டதும் நடந்தது. அந்தக் காணொளியைக் கனபேர் பார்த்திருப்பீங்கள்.

மியூனிக், 1972

நாலு வருசம் கழித்து கிங் திரும்ப வந்தார். இடையில் 1969இல் இத்தாலியின் பெஸ்காராவில் நடந்த படையினருக்கான சர்வதேசப் போட்டியில் ஆண்களோடு ஒரே போட்டியில் பாய்ந்திருந்தார்.

மியூனிக்குக்குப் போகும்போது அவருக்கு வயது 28, விமானப்படையில் கப்டன். அவரோடு போட்டியிட்ட சுவீடனின் உல்ரிக்கா க்னாபேக்கு 17, கிழக்கு ஜேர்மனியின் மரினா யானிக்கேக்கு 18. கிங் 450.03 புள்ளிகளோடு தங்கம் வென்றார். க்னாபே 434.19, யானிக்கே 430.92. இந்த விளையாட்டில் இது சின்ன இடைவெளி இல்லை. அவர் கடைசியாகப் பாய்ந்தது மெக்சிக்கோவில் கையை உடைத்த அதே ரிவேர்ஸ் ஒன்றரைக் கரணம்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் 1972 வேறு ஒரு காரணத்துக்காகவும் முக்கியம். மியூனிக்குக்கு இரண்டு மாதத்துக்கு முன்னர், ஜூன் 23இல், அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்து வைத்தார். அதில் ஒரு பிரிவு 'டைட்டில் 9'. ஆங்கிலத்தில் 37 சொற்கள் மட்டுமே உள்ள ஒரு வசனம் அதன் அடிப்படை. அரசாங்கப் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்பதுதான் சாரம். அந்த வசனத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் அது அதிகம் மாற்றியது விளையாட்டைத்தான். பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளை உருவாக்கவும், புலமைப்பரிசில் கொடுக்கவும், தடாகத்தையும் மைதானத்தையும் பங்குபோடவும் வேண்டி வந்தது.

இராணுவப் பயிற்சியை நோக்கமாகக் கொண்ட நிறுவனங்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. அதாவது கிங் அடுத்ததாகப் போகப்போகிற இடத்துக்கு டைட்டில் 9 பொருந்தாது.

கொலராடோவில் ஒரு தடாகம்

விமானப்படை அகடமி கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே புது மாணவர்கள் ஏறிப்போகும் சாய்பாதையின் சுவரில், 1960களிலிருந்து ஒரு பழைய கவிதையின் முதற் சொற்கள் பெரிய எழுத்தில் பதிக்கப்பட்டிருந்தன. 'ஆண்களைக் கொண்டுவா' என்ற பொருள்படும் சொற்கள்தான் அவை. 1973இல் கிங் அங்கே பயிற்றுவிப்பாளராகப் போனபோது அந்தச் சொற்களுக்குக் கீழே நடந்துபோன மாணவர்கள் எல்லாரும் ஆண்கள். அமெரிக்க இராணுவ அகடமி ஒன்றின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதற் பெண் என்று கிங்கைக் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்த வருசம், 1974, இரண்டு விசயங்கள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று: கிங் பழக்கிய ரிக் மக்அலிஸ்டர் என்ற மாணவர் டைவிங்கில் என்.சி.ஏ.ஏ. சம்பியன் ஆனார். ஒரு பெண் பயிற்றுவிப்பாளரின் கீழ் ஒரு ஆண் அந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை.

மற்றது: அதே வருசம், இராணுவ அகடமிகளுக்குப் பெண்களைச் சேர்ப்பதா என்று அமெரிக்கக் கொங்கிரஸின் ஒரு குழு விசாரணை நடத்தியது. படைத்தரப்பிலிருந்து வந்தவர்கள் எதிர்த்துச் சாட்சியம் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் விமானப்படை அகடமியின் தலைவராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் ஏ.பி. கிளார்க். போர்வீரர்களை உருவாக்கும் சூழல் பெண்கள் வந்தால் கெட்டுப்போகும் என்பதுதான் அந்தத் தரப்பின் வாதம்.

ஒரு பெண் அந்த நிறுவனத்துக்குத் தேசியப் பட்டம் எடுத்துக் கொடுக்கிறார். அதே நிறுவனத்தின் தலைவர் பெண்கள் அங்கே மாணவராக வரக்கூடாது என்கிறார். இதை வெறும் முட்டாள்தனம் என்று கடந்துபோகலாம்தான். ஆனால் எனக்கு இது அதைவிட ஆழமான விசயமாகத் தெரிகிறது. நிறுவனங்களுக்கு ஒரு தனிப் பெண்ணை ஏற்றுக்கொள்வது பெரிய கஷ்டமில்லை. 'அவ வேற மாதிரி' என்று சொன்னால் போதும். தங்கப் பதக்கம் இருக்கு, கப்டன் பதவி இருக்கு, விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்துக்கொண்டே விதியையும் வைத்திருக்கலாம். கிங் அங்கே நின்றதனால் மட்டும் அகடமியின் கதவு திறக்கவில்லை. 1975 ஒக்டோபர் 7இல் ஜனாதிபதி ஃபோர்ட் கையெழுத்திட்ட தனிச் சட்டம்தான் திறந்தது.

1976 ஜூன் 28இல் 157 பெண்கள் அகடமிக்குள் வந்தார்கள். 1980இல் அவர்களில் 97 பேர் பட்டம் பெற்று வெளியேறினார்கள். சுவரில் இருந்த அந்தச் சொற்கள் மட்டும் அசையவில்லை. 2003இல், அகடமியில் நடந்த பாலியல் வன்முறைகள் வெளியே வந்து நாடே பேசிய பிறகுதான் அவற்றைக் கழற்றினார்கள். கிங் அங்கே வேலைக்குப் போய் முப்பது வருசத்துக்குப் பிறகு.

ஒன்றரைச் செக்கன் வேலை

டைவிங் பயிற்றுவிப்பாளர் உண்மையில் என்ன செய்கிறார்? இதை வாசிக்கும் வரைக்கும் எனக்கும் தெரியாது. தடாகக் கரையில் விசிலோடு நிற்கிற ஆள் என்றுதான் நினைச்சிருந்தேன்.

மூன்று மீற்றர் பலகையிலிருந்து எழும்பித் தண்ணீரைத் தொடும் வரைக்கும் ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன். அதற்குள் பயிற்றுவிப்பாளர் பார்க்கவேண்டியது கனக்க இருக்கு: கடைசி அடியில் பலகையின் நுனியில் கால் எங்கே பட்டது, எழும்பும்போது உடம்பு எவ்வளவு சாய்ந்தது, கை எப்ப மேலே போனது, கரணம் எப்ப திறந்தது. பார்த்துவிட்டு, பாய்ந்தவர் ஏணியில் திரும்ப ஏறுவதற்குள் அதை ஒரு வசனத்தில் சொல்லவேண்டும். நாலு பிழை இருந்தாலும் ஒன்றைத்தான் சொல்லலாம், ஏனென்றால் அடுத்த ஒன்றரைச் செக்கனில் ஒரு ஆளால் ஒன்றைத்தான் யோசிக்க முடியும். புதுப் பாய்ச்சல் ஒன்றை முதன்முதல் முயற்சிக்கும்போது, சுழன்றுகொண்டிருப்பவருக்குத் தண்ணீர் எங்கே என்று தெரியாமல் போகும். அப்ப கரையில் நிற்கும் பயிற்றுவிப்பாளர் சத்தம் போட்டு, 'இப்ப திற' என்று சொல்லுவார். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவர் உடம்பைத் திறப்பார். கொஞ்சம் பிந்தினால் முதுகோ முகமோ அடிபடும்.

தண்ணீருக்குப் போக முந்தித் தரையிலும் கன வேலை இருக்கு. இடுப்பில் பட்டி கட்டி, அதைக் கயிற்றால் மேலே தூக்கிப் பிடித்து, டிராம்பொலினில் சுழலப் பழக்குவார்கள். கயிற்றின் மறு நுனி பயிற்றுவிப்பாளரின் கையில். இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் கிங்கின் பயிற்றுவிப்பாளர் கிம்போல் முக்கியமானவர்.

இப்படிப் பார்த்தால் இந்த வேலையின் பெரும்பகுதி பயத்தோடு செய்கிற வேலை. எந்தப் பயம் உதவும், எந்தப் பயம் பாய்பவரைப் பலகைக்குக் கிட்ட இழுக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும். பலகையில் அடிபட்டு எலும்பு உடைந்த ஒருவர், அதே பாய்ச்சலை நாலு வருசம் பழகி, உலகம் பார்க்கத் திரும்பவும் பாய்ந்த ஒருவர், இதைப் பற்றி ஒரு இருபது வயதுப் பெடியனுக்குச் சொல்லும்போது அவன் கேட்பான். அந்த இடத்தில் அவர் ஆணா பெண்ணா என்பது எங்கே வருகிறது?

ஆண்களின் உடலைப் பெண்களுக்கு விளங்காது, ஆண்கள் பெண்ணின் சொல்லுக்குக் கட்டுப்படமாட்டார்கள் என்று சொல்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். கிங் இந்த வாதத்துக்கு மேடையில் ஏறிப் பதில் சொல்லவேண்டி இருக்கவில்லை. புள்ளிப் பலகை சொல்லியது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அவருடைய கட்டளைக்குக் கட்டுப்படுவது அந்த மாணவர்களுக்கு விருப்பத் தெரிவாக இருக்கவில்லை. அவர் கப்டன், அவர்கள் கடெற்றுகள். சல்யூட் அடிக்கத்தான் வேணும். சாதாரணப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு அந்த அதிகாரம் தோளில் தைக்கப்பட்டு வராது. பெண்களை வெளியே வைத்த அதே படைத்தான் அவர் கையில் அந்த அதிகாரத்தையும் கொடுத்தது.

படை என்ற சொல்

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் நேர்மையில்லை.

படை, சீருடை, அதிகாரி, இந்தச் சொற்களை எங்கட பக்கத்தில் யாரும் சும்மா வாசித்துவிட்டுப் போகமாட்டினம். கிங் சேர்ந்த 1966இல் அமெரிக்க விமானப்படை வியட்நாமில் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. அவர் தங்கம் வென்ற அதே 1972இன் டிசம்பரில் பி-52 விமானங்கள் ஹனோயை அடித்தன. அவருடைய மாணவர்கள் அந்தப் படைக்காகத்தான் பயிற்சி எடுத்தார்கள். 'ஒரு பெண் படைக்குள் உயர்ந்தாள், ஆகவே முன்னேற்றம்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு நிறுவனத்துக்குள் பெண்கள் போவதும், அந்த நிறுவனம் உலகத்துக்கு என்ன செய்கிறது என்பதும் இரண்டு வேறு கேள்விகள். முதலாவதுக்குக் கிடைக்கும் நல்ல பதிலை வைத்து இரண்டாவதை மூடிவிட முடியாது.

அதே நேரம், இரண்டாவது கேள்வியைக் காட்டி முதலாவதைத் தள்ளிவிடவும் முடியாது. மிஷிகனில் அவருக்கு ஒரு அணியும், ஒரு புலமைப்பரிசிலும், படித்து முடித்த பிறகு பயிற்றுவிப்பாளர் வேலையும் கிடைக்கக்கூடிய நிலை இருந்திருந்தால் அவர் படைக்குப் போயிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: அந்தக் காலத்தில் ஒரு பெண் விளையாட்டு வீராங்கனைக்கு மாதச் சம்பளத்தோடு பயிற்சி எடுக்க நேரமும் கொடுத்த இடங்கள் மிகக் குறைவு. கதவுகள் குறைவாக இருக்கும்போது ஆட்கள் திறந்திருக்கிற கதவால்தான் போவார்கள்.

கதவு திறந்தது, யார் உள்ளே போனது?

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறைத்த பகுதி.

டைட்டில் 9 வந்த பிறகு பல்கலைக்கழகங்களில் பெண்கள் விளையாடுவது பல மடங்காகியது. அப்ப பெண் பயிற்றுவிப்பாளர்களும் பல மடங்காகியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது அது இல்லை. புரூக்ளின் கல்லூரியில் கற்பித்த விவியன் அக்கோஸ்டாவும் லிண்டா ஜீன் கார்ப்பென்டரும் பல பத்தாண்டுகளாக இதைக் கணக்கெடுத்தார்கள். 1972இல் பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளில் 90 வீதத்துக்கும் மேலானவற்றைப் பெண்களே பழக்கினார்கள். 2014இல் அது 43 வீதமளவுக்கு இறங்கிவிட்டது. பெண்கள் விளையாட்டுத் துறைகளின் தலைமையிலும் இதே கதை: 90 வீதத்துக்கு மேல் இருந்தது ஐந்தில் ஒரு பங்களவுக்கு வந்துவிட்டது.

ஏன்? சட்டத்துக்கு முன்னர் பெண்கள் அணியைப் பழக்குவது சம்பளம் குறைந்த, சில இடங்களில் சம்பளமே இல்லாத வேலை. உடற்கல்வி மிஸ்மார் பாடம் முடிந்தபிறகு செய்தது. ஆண்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. சட்டம் வந்து, பணமும் புலமைப்பரிசிலும் முழுநேரப் பதவியும் வந்தபோது அது 'உண்மையான வேலை' ஆகியது. அப்ப ஆண்கள் விண்ணப்பித்தார்கள். ஆண்கள் துறையும் பெண்கள் துறையும் ஒன்றாக்கப்பட்டபோது தலைவராக இருந்தது பெரும்பாலும் ஆண்கள் துறையின் தலைவர்தான். அவர் தனக்குத் தெரிந்தவர்களை எடுத்தார். 1980களின் தொடக்கத்தில் பெண்களின் போட்டிகளை என்.சி.ஏ.ஏ. நடத்தத் தொடங்கியதும், அதுவரை பெண்களே நடத்திவந்த தனி அமைப்பு இல்லாமல் போனது.

எதிர்ப்பக்கம் என்ன ஆனது? ஆண்கள் அணிகளைப் பழக்கும் பெண்கள் அன்றும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர், 2014இலும் அதேயளவுதான். ஆண்களுக்குப் பெண்கள் அணிகளின் வாசல் அகலத் திறந்தது. பெண்களுக்கு ஆண்கள் அணிகளின் வாசல் திறக்கவே இல்லை.

இந்தக் கணக்குகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் 1974இல் மிக்கி கிங் செய்தது எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது. அதோடு, அது எவ்வளவு தனியானது என்றும். பின்னால் வருபவர்களுக்கு அது ஒரு பாதையாக மாறவில்லை.

முற்றாக இல்லை என்றும் சொல்ல முடியாது. டைவிங்கிலேயே ஒரு உதாரணம் இருக்கு. சிம்பாப்வேயில் பிறந்து, ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்துக்காகப் பாய்ந்து, பிறகு அங்கேயே இருபது வருசத்துக்கு மேல் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஜேன் ஃபிகெய்ரெடோ. பின்னர் லண்டனுக்குப் போய் ரொம் டேலியையும் மற் லீயையும் பழக்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த இருவரும் பத்து மீற்றர் மேடையில் இணையாகப் பாய்ந்து தங்கம் வென்றது 2021 ஜூலை 26. அன்றைக்குத்தான் மிக்கி கிங்கின் 77ஆவது பிறந்தநாள். ஒரு தற்செயல்தான், ஆனாலும் எழுதாமல் விட மனமில்லை.

கடைசியாக

கிங் 1974இல் தொடங்கப்பட்ட பெண்கள் விளையாட்டு அமைப்பு ஒன்றின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். 1978இல் சர்வதேச நீச்சல் மரபுக்கூடத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க டைவிங் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1992இல் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருடைய பதவி கேணல். அவர் சேர்ந்த நாளில் சட்டம் அவருக்குத் தடுத்து வைத்திருந்த அதே பதவி.

நான் திரும்பவும் எங்கட பள்ளிக்கூட மைதானத்தை நினைத்துப் பார்க்கிறேன். எங்கட வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். மாகாண மட்டம் வரைக்கும் ஓடினவள். பந்தையும் ஆட்டத்தையும் அவள் மாதிரி வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் நான் காணேல்லை. பெடியள் விளையாடும்போது கரையில் நின்று, யார் எங்கே பிழையாக நிற்கிறான் என்று எங்களுக்குச் சொல்லுவாள். அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். அதைப் போய் அவங்களுக்குச் சொல்லு என்று நாங்கள் ஒருத்தரும் சொன்னதில்லை. அவளும் போகவில்லை. இப்ப அவள் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் அனுப்பப்போகிறேன்.